பட்டனை அல்ல, எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய விமானிப் பயிற்சித் துறைத் தலைவர்களுக்கும், அவர்களுடைய திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்கும் ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் சிமுலேட்டர் பயிற்றுநர். அதற்கு முன்னால் பல வருடம் பயணிகள் விமானம் ஓட்டியவன். இந்த மடலில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அதற்கு முன், சில நாட்களுக்கு முன்பு சிமுலேட்டரில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரவு நேரம், வெளியே மேகம், 3000 அடி உயரம். முன்னால் இரண்டு விமானிகள். இருவருமே நல்ல கைகள், எந்தத் தேர்விலும் தடுமாறாதவர்கள். விமானத்தைத் துணை விமானி ஓட்டுகிறார், கேப்டன் கண்காணிக்கிறார். தரையிறங்கும் அணுகுமுறைக்கு அனுமதி வந்துவிட்டது. இப்போது துணை விமானி 'அப்ரோச்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் இரண்டு வேலைக்கு ஆட்டோபைலட் தயாராகும்: ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் அலையைப் பிடிப்பது ஒன்று, இறங்க வேண்டிய சரிவைக் காட்டும் கிளைட் ஸ்லோப் அலையைப் பிடிப்பது இன்னொன்று. அவர் விரல் 'லோக்' பட்டனில் பட்டது. அது முதல் வேலையை மட்டும் செய்யும். பட்டனில் விளக்கு எரிந்தது. "அப்ரோச் ஆர்ம்டு" என்றார், அதாவது அப்ரோச் தயார். "செக்டு" என்றார் கேப்டன், சரிபார்த்தேன் என்று பொருள்.

திரையின் உச்சியில் நீல நிறத்தில் 'லோக்' மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய 'ஜி.எஸ்', அதாவது கிளைட் ஸ்லோப், இல்லை. விமானம் அழகாகத் திரும்பி ஓடுபாதையின் நேர்கோட்டில் நின்றது. சக்கரத்தை இறக்கச் சொன்னார்கள், ஃப்ளாப் கேட்டார்கள், கோபுரத்தின் அலைவரிசைக்கு மாறினார்கள். கிளைட் ஸ்லோப்பைக் காட்டும் சின்ன வைர வடிவம் மேலிருந்து மெதுவாக இறங்கி நடுவுக்கு வந்தது. மூக்கு தாழ வேண்டிய நேரம் அது. தாழவில்லை. வைரம் நடுவைத் தாண்டிக் கீழே போகத் தொடங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நொடி கழித்துத் துணை விமானி "ஏன் இறங்க மாட்டேங்குது?" என்றார். அடுத்த நொடி அவர் கை உயரத் திருகுக்குப் போனது. திருகி, இழுத்தார். ஓப்பன் டிசென்ட் மோட் விழுந்தது, இன்ஜின்கள் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குப் போயின, விமானம் சரிவைத் துரத்திக்கொண்டு கீழே பாய்ந்தது. அந்த இடத்தில் சிமுலேட்டரை நிறுத்தினேன்.

"அப்ரோச் ஆர்ம்டுன்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பட்டனை அழுத்தினேன் சார், அதான் சொன்னேன்" என்றார். கேப்டனைப் பார்த்தேன். "அவர் சொன்னார், நான் செக்டு சொன்னேன்" என்றார். இருவரும் சொன்னது உண்மை. அந்த நேர்மைக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் சொன்ன இரண்டு பதில்களையும்தான் இந்த மடலில் உங்கள் முன் வைக்கிறேன்.

விமானத் துறைக்கு வெளியே உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஆட்டோபைலட் என்பது போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும் ஒரே ஒரு பொறி அல்ல. அதற்குள் பல மோட்கள் உண்டு. ஒன்றில் அது உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றில் நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கில் இறங்கும். வேறொன்றில் இன்ஜினை ஐடிலில் போட்டுவிட்டு, வேகத்தை மூக்கின் சாய்வால் காக்கும். இன்ஜின் விசையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டிலுக்கும் இதேபோலத் தனி மோட்கள். இந்த நொடியில் எது நடக்கிறது, அடுத்து எது காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரே இடம், விமானியின் முன்திரையின் உச்சியில் உள்ள ஒரு குறுகிய பட்டை. ஃப்ளைட் மோட் அனன்சியேட்டர், சுருக்கமாக எஃப்.எம்.ஏ. என்போம். நடப்பது பச்சையில் தெரியும். காத்திருப்பது ஏர்பஸ்ஸில் நீலம், போயிங்கில் வெள்ளை. மோட் மாறினால் புதிய எழுத்தைச் சுற்றி ஒரு கட்டம் பத்து நொடி நிற்கும், அப்புறம் மறைந்துவிடும். மணி அடிக்காது. அந்தப் பத்து நொடியில்தான் ஃப்ளாப், சக்கரம், வானொலி, சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

பட்டனில் விளக்கு எரிந்தால் விரல் அங்கே பட்டது என்று அர்த்தம். விமானம் என்ன புரிந்துகொண்டது என்பது எஃப்.எம்.ஏ.வில் மட்டும்தான் இருக்கும். இது எல்லா விமானிக்கும் தெரியும். தெரிந்தும் கண் அங்கே போவதில்லை. 2007-இல் நாடீன் சார்ட்டர், ராண்டல் மமா, கிறிஸ்டோபர் விக்கென்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போயிங் 747-400 சிமுலேட்டரில் அனுபவமுள்ள 20 விமானிகளின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வு அது. விமானிகள் வேகத்தையும் உயரத்தையும் நன்றாகவே கண்காணித்தார்கள். மோட் எழுத்துகளை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. எதிர்பாராத மாற்றங்கள் பல அவர்கள் கண்ணில் படாமலே போயின.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நகர முடியாது. தவறான மோட், முதல் பல நொடிகள் வரை, சரியான மோட் போலவே நடந்துகொள்ளும். என் சிமுலேட்டரில் 'லோக்' மட்டும் போட்ட விமானம், 'அப்ரோச்' போட்ட விமானம் எப்படித் திரும்புமோ அப்படியேதான் திரும்பியது. வேகம் சரி, உயரம் சரி, திசை சரி. விமானத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எழுத்தைப் படித்தால்தான் தெரியும். விமானத்தின் நடத்தையிலேயே தவறு தெரியத் தொடங்கும்போது, பெரும்பாலும் உயரமும் வேகமும் செலவாகிப் போயிருக்கும்.

இதற்கு ஆம்ஸ்டர்டாமைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 2009 பிப்ரவரி 25, டர்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 737-800, ஸ்கிபோல் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இடதுபக்க ரேடியோ உயரமானி பழுதாகி, 1950 அடி உயரத்தில் பறக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரையைத் தொடப்போகிறோம் என்று நம்பிய ஆட்டோத்ராட்டில் இன்ஜின்களை ஐடிலுக்கு இழுத்தது. எஃப்.எம்.ஏ.வில் 'ரிடார்ட்' என்ற எழுத்து விழுந்தது. விமானம் கிளைட் ஸ்லோப்புக்கு மேலிருந்து அதைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் பிடிக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்க வேண்டும், அதற்கு இன்ஜின் ஐடிலுக்குப் போவதுதான் இயல்பு. ஆகவே விசைத்தண்டுகள் பின்னால் போனது அவர்கள் எதிர்பார்த்ததுதான். காக்பிட்டில் மூன்று விமானிகள் இருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேலாக அந்த எழுத்து அவர்கள் முன் நின்றது. 144 நாட் (மணிக்கு 144 கடல் மைல்) வேகத்தில் நிலைத்திருக்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே வேகத்தை இழந்துகொண்டே வந்தது. வேகம் போதவில்லை என்று விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கி எச்சரித்தபோது 460 அடிதான் மிச்சம். மூன்று விமானிகள் உட்பட 9 பேர் இறந்தார்கள்.

நிறையப் பேர் இந்த விபத்தைப் பழுதான உயரமானியின் கதையாகவே சொல்கிறார்கள். பழுது உண்மைதான். ஆனால் அந்தப் பழுது கண்டுபிடிக்கப்படாமல் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது, மோட்டின் தவறான நடத்தையும் அந்த நேரத்துக்குச் சரியான நடத்தையும் ஒன்றாக இருந்ததுதான். பயிற்சியில் நாம் சொல்லித்தர வேண்டியது இந்தப் பகுதியை.

இனி என்னை அதிகம் உறுத்தும் இரண்டு விபத்துகள். 1990 பிப்ரவரி 14, பெங்களூரு, இந்தியன் ஏர்லைன்ஸ் 605. அன்றைக்கு ஏர்பஸ் ஏ320 புத்தம் புதிய ரகம். ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் ஐடில் ஓப்பன் டிசென்ட் மோடில் இருந்தது, அதாவது இன்ஜின் ஐடிலில். இறங்குவேகம் 700 வைக்கும்படி காக்பிட்டில் பேச்சு நடந்திருக்கிறது. இறங்குவேகத் திருகும் உயரத் திருகும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. 700 என்ற எண் நிமிடத்துக்கு 700 அடி என்று போகாமல், 700 அடி உயரம் என்று போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது விசாரணை எடுத்த அனுமானம். விமானம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆகவே வித்தியாசம் உடனே தெரியவில்லை. வேகம் மட்டும் கரைந்துகொண்டே போனது. கடைசி நொடிகளில் இன்ஜினுக்கு முழு விசை கொடுத்தார்கள். ஐடிலில் இருந்து இன்ஜின் எழுந்து வரச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகள் கிடைக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்தது. 146 பேரில் 92 பேர் போனார்கள்.

அந்த விபத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஏ320-இல் இரண்டு விமானிகளுக்கும் தனித்தனியே ஃப்ளைட் டைரக்டர் உண்டு, திரையில் வழிகாட்டும் கோடுகளைப் போடும் கருவி. இரண்டையும் அணைத்தால் ஆட்டோத்ராட்டில் தானாக வேகத்தைக் காக்கும் மோடுக்கு மாறிவிடும். ஒன்றை மட்டும் அணைத்தால் மாறாது. பெங்களூரில் ஒன்று அணைந்தது, மற்றது எரிந்துகொண்டே இருந்தது.

23 வருடம் தாண்டி வாருங்கள். 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ, ஏசியானா 214, போயிங் 777. நாடு வேறு, தயாரிப்பாளர் வேறு, தலைமுறையும் வேறு. ஓடுபாதையின் கிளைட் ஸ்லோப் அன்று வேலை செய்யவில்லை, வானம் தெளிவாக இருந்தது. விமானம் உயரமாக வந்துவிட்டது, இறக்க வேண்டும். குறித்து வைத்த உயரத்துக்கு விமானத்தை ஏற்றவோ இறக்கவோ செய்யும் 'ஃப்ளைட் லெவல் சேஞ்ச்' மோடை விமானி அழுத்தினார். கோ-அரவுண்டுக்காக, அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலே ஏற நேர்ந்தால் என்று, முன்பே வைக்கப்பட்டிருந்த 3000 அடியை நோக்கி விமானம் ஏறப் பார்த்தது. உடனே ஆட்டோபைலட்டைத் துண்டித்து, விசைத்தண்டுகளைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார். அந்த மோடில் அப்படி இழுத்தால் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' ஆகிவிடும். தண்டை விட்ட இடத்தில் விட்டுவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும், வேகத்தைக் காக்காது. 'ஹோல்ட்' என்ற நான்கு எழுத்து திரையில் வந்தது, யாரும் பார்க்கவில்லை. அங்கேயும் ஒரு ஃப்ளைட் டைரக்டர் அணைந்திருந்தது, மற்றது எரிந்துகொண்டிருந்தது. இரண்டும் அணைந்திருந்தால் ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் காக்கும் மோடுக்கு வந்திருக்கும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் எழுதியது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. கடல் சுவரில் வால் அடித்து விமானம் சிதறியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்கு அந்த விமானத்தின் உறுதியும், கேபின் ஊழியர்களின் உழைப்பும் காரணம்.

இரண்டு விபத்திலும் ஒரே மாதிரி சுவிட்ச், ஒரே மாதிரி பாதி அணைப்பு. முதல் விபத்தின் பாடம் அறிக்கையாக அச்சாகி 20 வருடத்துக்கும் மேல் ஆன பிறகுதான் இரண்டாவது நடந்தது. பாடம் நூலகத்தில் இருந்தது, விமானிகளின் கைப்பழக்கத்தில் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1992 ஜனவரி 20 இரவு, ஏர் இன்டர் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரி சரிவு என்று நினைத்து வைத்த '33', நிமிடத்துக்கு 3300 அடியாகப் போயிருக்கலாம் என்பது விசாரணை முன்வைத்த காரணங்களில் முதன்மையானது. அதற்குப் பிறகு ஏர்பஸ் அந்த எண் தெரியும் விதத்தையே மாற்றியது. 1994 ஏப்ரல் 26, ஜப்பானின் நகோயா. கோ-அரவுண்ட் மோட் தெரியாமல் விழுந்துவிட்டது, விமானி மூக்கைத் தாழ்த்தத் தள்ளினார், ஆட்டோபைலட் வால்பகுதியை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே போனது. 264 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு ஒரு குழுவை உட்கார வைத்து 1996-இல் அறிக்கை வாங்கியது. விமானிகளுக்கு மோட் பற்றிய விழிப்பு போதவில்லை என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. ஏறக்குறைய 30 வருடம் ஆகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விமானிகளில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் அவர்கள். அவர்கள் இருந்த இருக்கையில் அந்த நேரத்தில் நான் இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

இப்போது நாம் சொல்லித்தரும் முறையில், பட்டனை அழுத்தியபின் மோடை உரக்கச் சொல்ல வேண்டும். கையேடுகளில் "எஃப்.எம்.ஏ.வைப் படித்துச் சொல்" என்றுதான் இருக்கிறது. ஆனால் தினமும் நூறு தடவை செய்யும் காரியத்தில், விரல் அழுத்திய வேகத்திலேயே வாயும் சொல்லிவிடுகிறது. எழுத்து மாறுவதற்கு முன்பே சொல் வந்துவிடுகிறது. கேட்பவரும் காதில் விழுந்ததற்குப் பதில் சொல்கிறார், கண்ணில் பட்டதற்கு அல்ல. இரண்டு பேர் சரிபார்த்ததாக நாம் நம்புகிறோம், உண்மையில் ஒருவர்கூடச் சரிபார்க்கவில்லை.

இந்த வரிசையை மாற்றுங்கள். அழுத்துவதற்கு முன்னால் ஓட்டும் விமானி எதிர்பார்ப்பதைச் சொல்லட்டும்: "அப்ரோச் போடுகிறேன், நீலத்தில் லோக்கும் ஜி.எஸ்ஸும் வர வேண்டும்." பிறகு அழுத்தட்டும். அதன் பிறகு திரையில் வந்ததைப் படிக்க வேண்டியவர் அழுத்தியவர் அல்ல, கண்காணிக்கும் விமானி. அவர் "செக்டு" என்று சொல்லக் கூடாது, கண்ணில் பட்ட எழுத்தைத்தான் சொல்ல வேண்டும்: "லோக் நீலம்... ஜி.எஸ் இல்லை." எதிர்பார்ப்பு முன்கூட்டியே காற்றில் இருந்தால், வராத ஒன்றையும் கண் தேடும். என் சிமுலேட்டரில் அன்று நடந்த தவறு, வராத ஓர் எழுத்துதான். வந்த எழுத்தைப் பிடிக்க நாம் பழக்கியிருக்கிறோம், வராத எழுத்தைப் பிடிக்கப் பழக்கவில்லை.

எல்லா மோட் மாற்றத்துக்கும் இதைக் கேட்கவில்லை. மேலே 35,000 அடியில் நேரம் இருக்கிறது. அணுகுமுறை தொடங்கியதிலிருந்து தரையைத் தொடும்வரை, அல்லது கோ-அரவுண்டில் ஏறி நிலைபெறும்வரை போதும். கோ-அரவுண்டையும் வேண்டுமென்றே சேர்க்கிறேன். 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் எமிரேட்ஸ் 521 சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபின் மேலே ஏற முயன்றது. தரை தொட்டுவிட்டால் 777-இல் கோ-அரவுண்ட் சுவிட்ச் வேலை செய்யாது. சுவிட்ச் அழுத்தப்பட்டது, மோட் மாறவில்லை, இன்ஜினும் எழவில்லை. விமானத்தில் இருந்த 300 பேரும் வெளியேறிவிட்டார்கள், ஆனால் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் விட்டார். அங்கேயும் வராத எழுத்துதான்.

அடுத்தது தேர்வு. புறப்படும்போது ஓர் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று ஒவ்வொரு சோதனையிலும் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது மணி அடித்து, விளக்கு எரிந்து, விமானத்தை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வரும் கோளாறு. எந்தச் சத்தமும் இல்லாத கோளாறு ஒன்றை அதே சோதனையில் வையுங்கள். லோக் மட்டும் விழுந்த அணுகுமுறை, பாதி அணைந்த ஃப்ளைட் டைரக்டர், ஹோல்டில் ஒதுங்கிய ஆட்டோத்ராட்டில், மேலிருந்து சரிவைப் பிடிக்கும் நேரத்தில் விழும் ரிடார்ட். முன்கூட்டிச் சொல்லாமல் வையுங்கள். எத்தனை நொடியில் ஒருவர் வாய் திறந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தோல்வி என்று முத்திரை குத்தத் தேவையில்லை, அந்த எண்ணை விமானியிடமே கொடுங்கள். பதினோரு நொடி என்று நான் சொன்னபோது அந்தத் துணை விமானியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எந்தத் திட்டும் அந்த வேலையைச் செய்திருக்காது.

நேரம் இல்லை என்று சொல்வீர்கள். நான்கு மணி நேர சிமுலேட்டரில் கட்டாயப் பாடங்களே நிரம்பி வழிகின்றன என்பது எனக்கும் தெரியும், அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படியும் ஒவ்வொரு அமர்விலும் நான்கைந்து அணுகுமுறைகள் பறக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்குள்ளேயே இதை வைத்துவிடலாம், தனி நேரம் தேவையில்லை. தேவைப்படுவது படிவத்தில் ஒரு வரி. அந்த வரிக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், ஒரு பயிற்றுநர் தனக்குத் தோன்றியபடி சேர்த்துக்கொள்ள முடியாது.

மோட் புரியவில்லை என்றால் ஆட்டோபைலட்டைத் துண்டித்துவிட்டுக் கையால் ஓட்டு, அல்லது மேலே ஏறிவிடு என்று நாம் சொல்கிறோம். அந்தத் துண்டிப்பு தேர்வுத்தாளில் குறையாகப் பதிவாகாது என்று எழுத்தில் கொடுங்கள். "புரியல, ஏறுறேன்" என்று இரண்டு சொல்லில் முடிக்க வேண்டிய இடத்தில், மதிப்பெண்ணை நினைத்துத் திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். என் துணை விமானியும் அதைத்தான் செய்தார். உயரத் திருகை இழுத்த அந்தக் கை, தவறை மறைக்கப் பார்த்த கை அல்ல. தேர்வு கெட்டுப்போகக் கூடாது என்று பதறிய கை.

அன்று நிறுத்திய சிமுலேட்டரை 3000 அடிக்கே திருப்பி வைத்து, அதே இரவு, அதே மேகத்தோடு மறுபடி ஓடவிட்டேன். அழுத்துவதற்கு முன் என்ன வர வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். துணை விமானி சொன்னார், அழுத்தினார். இந்தத் தடவை பட்டன் சரியானதுதான். ஆனால் கேப்டன் "செக்டு" சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, திரையின் உச்சியைப் பார்த்து, "லோக் நீலம், ஜி.எஸ் நீலம்" என்று ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று நொடி கூட ஆகவில்லை. வரும் பயிற்சி ஆண்டுக்கான திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது அந்த மூன்று நொடிக்கு அதில் இடம் கொடுங்கள். அணுகுமுறைகளுக்கான காட்சிகளை எழுதித் தர நானும் என்னோடு வேலை செய்யும் பயிற்றுநர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சிமுலேட்டர் பயிற்றுநர்களில் ஒருவன்